கால்மாட்டில் நின்று எழுப்புங்கள்

பிற்பகல் இரண்டே கால் மணி. நான் முதலில் பார்த்தது என் கணவரின் பாதங்களை. கட்டில் விளிம்புக்கு வெளியே நீண்டிருந்த இரண்டு பாதங்களும் சேற்றை மிதிப்பதுபோல அசைந்துகொண்டிருந்தன. மார்பு ஏறி இறங்கியது. வாய் திறந்திருந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் ஒரு வங்கியில் இரவுக் காவலர், பகலில்தான் தூங்குவார். தேநீர் போட்டுவிட்டு எழுப்பப் போயிருந்தேன். உதடுகள் நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தன. குனிந்து தோளைத் தொட்டேன்.

அவருடைய வலது கை என் கழுத்தைப் பற்றியது. நான் பின்வாங்குவதற்குள் இழுத்து ஒரு பக்கமாக வீசினார். இடது தோள் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மோதியது. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. தரையில் விழுந்தவளின் மார்பில் முழங்காலை ஊன்றி, இரண்டு கைகளாலும் கழுத்தை அழுத்தினார். கண்கள் திறந்திருந்தன. அவை என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகம் பகுதியில் நாங்கள் குடியிருந்தது ஒரு மாமியின் வீட்டுப் பின்கட்டு. கட்டில் சாய்ந்த சத்தம் கேட்டு மாமி வந்தாள். "விடுடா அவளை, செத்துப்போயிடுவா" என்று சொல்லிக்கொண்டே, கையிலிருந்த செம்புத் தண்ணீரை அவர் முகத்தில் அடித்தாள்.

விரல்கள் தளர்ந்தன. ஒரு பெரிய உறுமலோடு மூச்சை இழுத்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளே, எப்பிடி விழுந்த?" என்றார்.

அவர் பெயர் ஜெபராஜ். விளவங்கோடு பக்கம் சொந்த ஊர். தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு தமிழ் நாளிதழின் திருவனந்தபுரம் அலுவலகத்தில் உதவி ஆசிரியர். இதே நிலையில் இருக்கும் வீடுகளுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் என் கழுத்தில் பதிந்திருந்த விரல் தடங்களைப் பார்த்துவிட்டு, எப்படி நடந்தது என்று கேட்டார். தூக்கத்தில் கணவர் செய்தது என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். குளியலறையில் வழுக்கியது, படியில் உருண்டது என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தூக்கத்தில் என்று சொன்னவர் நீங்கள்தான் முதல் என்றார். காவல் நிலையத்துக்குத் தகவல் போயிற்று.

மறுநாள் ஒரு தலைமைக் காவலர் வீட்டுக்கு வந்தார். என் கணவர் வாசலில் விறைப்பாக நின்று, "செய்தது நானாக்கும் சாரே. ஓர்மையில்ல" என்று, நினைவில்லை என்பதை ஊர்ப் பேச்சில் சொன்னார். குற்றத்தை இவ்வளவு நேராக ஒப்புக்கொள்ளும் ஆளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் தனியாக, புகார் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என் தோள்கட்டைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். அன்று முதல் தெருவில் ஜெபராஜ் மனைவியின் கழுத்தை நெரித்தவர். நான் அதை மறைப்பவள்.

அதற்கு முன்பும் அடிகள் விழுந்திருந்தன. ஒருமுறை முழங்கை என் கண்ணுக்குக் கீழே பட்டது. ஒருமுறை சுவரைக் குத்தித் தன் விரல் மூட்டையே உடைத்துக்கொண்டார். கெட்ட கனவு என்று இருவரும் நினைத்தோம். பட்டாளக்காரர்களுக்கு வருவதுதானே என்று ஊரில் சொன்னார்கள்.

எலும்பு மருத்துவர்தான் குறட்டை உண்டா என்று முதலில் கேட்டார். உண்டு, தெருமுனை வரை கேட்கும், நடுநடுவே நின்றுவிடும் என்றேன். நின்றுவிடும் என்ற சொல்லில் அவர் நிமிர்ந்தார். நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்.

அந்த அம்மையார் ஒரு முழு இரவு அவரைக் கம்பிகளால் இணைத்துத் தூங்கவைத்துப் பதிவு செய்தார். நோயின் பெயர் தூக்க மூச்சுத்தடை (தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப் பாதை அடைபட்டு, மூச்சு நின்று நின்று வருவது). இவருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. அடைப்பு நீளும்போது இரத்தத்தில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைகிறது. மூளை ஆளை உலுக்கி எழுப்புகிறது. அந்த அரை விழிப்பில், கனவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கையில், உடல் மட்டும் எழுந்துவிடுகிறது.

என்ன கனவு என்று மருத்துவர் என் கணவரிடம் கேட்டார். எனக்கு அதுவரை சொல்லாததை அவரிடம் சொன்னார். மண். வாயிலும் மூக்கிலும் மண். ஒருவன் மேலே உட்கார்ந்து இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

பட்டாளத்தில் இருந்தபோது, வடகிழக்கில் ஒரு மலைச் சாலையில் இவரும் கூட்டாளிகளும் போன வண்டி கண்ணிவெடியில் ஏறியது. முன்னால் இருந்தவர் துண்டாகிப் போனார். இவரைத் தூக்கி எறிந்த பிறகு சாலையோர மண் திட்டு இவர் மேல் சரிந்தது. தோண்டி எடுத்தார்கள். இடது காதின் செவிப்பறை கிழிந்தது, இடது முழங்காலுக்குள் இரும்புத் துண்டுகள் போயின, மூக்கெலும்பு நொறுங்கியது. காதுக்கும் முழங்காலுக்கும் ஊனத் தொகை (படைப்பணியால் ஏற்பட்ட குறைபாட்டுக்கு ஓய்வூதியத்துடன் தரப்படுவது) வந்துகொண்டிருந்தது. மூக்கு மட்டும் முகத்தில் சிறு காயம் என்று பதிவாகியிருந்தது.

மருத்துவர் மூக்குக்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். ஒரு துளை முழுதும் அடைப்பு. முழங்காலால் நடை குறைந்து, உடம்பு பெருத்து, கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்துதான் இது என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "அவரு உங்களை அடிச்சதல்ல. ஸ்வாசம் முட்டியப்போ மேல கிடந்த மண்ணைத் தள்ளினதாணு" என்றார்.

எனக்குத் தோள் வலித்துக்கொண்டிருந்தது. ஆனால் புரிந்தது.

சிகிச்சை ஒரு இயந்திரம். மூச்சழுத்தக் கருவி (மூக்கில் கவசம் மாட்டி, காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, மூச்சுப் பாதை மூடாமல் காப்பது). மருத்துவரிடம் ஒன்று இருந்தது. அதை மாட்டி ஒரு பகல் தூங்கவைத்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பாதங்கள் அசையவில்லை. மார்பு ஒரே சீராக ஏறி இறங்கியது. அப்படி ஒரு மனிதர் தூங்குவதைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. மாலையில் கவசத்தைக் கழற்றி அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த இயந்திரம் அப்போது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். காவலரும் உதவி ஆசிரியரும் வாங்கக்கூடிய பொருள் இல்லை. ஒரே வழி இருந்தது. படைப்பணியால் வந்தது என்று ஏற்கப்பட்ட நோய்க்கு இராணுவ மருத்துவமனையே சிகிச்சை தரும். கருவியும் அதில் அடங்கும். ஓய்வுக்குப் பிறகு வெளிப்பட்ட நோய்க்கும் கூடுதல் கோரிக்கை வைக்கலாம். ஆனால் அதன் வேர் பணிக்காலத்தில் இருந்தது என்று காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் நான் அந்த வீட்டில் இருக்கமுடியாது. அதை நாங்கள் வாய்விட்டுப் பேசவில்லை. அவர் பாயை எடுத்துக்கொண்டு சமையலறையில் படுக்க ஆரம்பித்தார். உள்ளிருந்து நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்.

பழவங்காடியில், கணபதி கோயிலுக்கு எதிர்ச் சாரியில் ஒரு மாடியில் முன்னாள் படைவீரர்களின் சிறு சங்கம் இருந்தது. அதை நடத்தியவர் சுபேதார் மாதவன் நாயர். கீழே நாள் முழுதும் சிதறுகாய் உடையும். ஒவ்வொரு தேங்காய் சிதறும்போதும் என் கணவர் சுவரோடு சுவராக ஒட்டினார். ஒரு காதுதான் கேட்கும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. முதுகைச் சுவருக்குக் கொடுத்து, கண்ணை வாசலில் வைத்துத்தான் பேசினார்.

நாயர் தாள்களைப் புரட்டிவிட்டு, "எடோ ஜெபராஜே, இதில் தான் கூர்க்கம் வலிச்ச கதை ஒண்ணும் இல்லல்லோ" என்றார். நீ குறட்டை விட்டதாக இதில் எதுவுமில்லையே என்று பொருள். வெளியேறும்போது நடந்த மருத்துவக் குழுவில் என்ன சொன்னாய் என்று கேட்டார். தாளில் உள்ள காதையும் முழங்காலையும் தவிர ஃபிட் என்று சொன்னேன் என்றார் இவர். நாயர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "எல்லா கழுதையும் அதுதான் சொல்லும். நானும் சொன்னதாணு. இப்போ சர்க்கரை, பிரஷர், கல்லு, எல்லாம் சொந்தச் செலவு."

கூடத் தூங்கியவர்களின் சாட்சி வேண்டும் என்றார் நாயர். மார்த்தாண்டத்தில் தங்கசாமி என்பவர் இருந்தார். இவரோடு ஒரே பிரிவில் இருந்தவர், இப்போது ரப்பர் வெட்டுகிறார். அவரை வரவழைத்தோம்.

தங்கசாமி சிரித்துக்கொண்டே வந்தார். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.

"லேய், உனக்க கொறட்டைக்குப் பயந்துதான் அவனுவ மலையெறங்கலன்னு மேஜர் சொல்லுவாரு" என்று ஆரம்பித்தார். பாரக்கில் (படைவீரர்கள் சேர்ந்து தங்கும் கூடத்தில்) இவர்மேல் பூட்ஸ் எறிவார்களாம். இவரே இரண்டாம் சாமக் காவலைக் கேட்டு வாங்கிக்கொள்வாராம், மற்றவர்கள் தூங்கட்டும் என்று. அது எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது.

கண்ணிவெடிக்குப் பிறகு ஒரு பதுங்கலில், சத்தம் எதிரிக்குக் கேட்டுவிடும் என்று, தூங்கும் இவர் வாயில் கம்பளியைத் திணித்து இருவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் தூக்கத்திலேயே திமிறி, ஒருவனைக் கீழே தள்ளி, துப்பாக்கிக் கட்டையை எடுத்து முகத்தில் இடித்தார்.

"இந்தப் பல்லு எங்க போச்சுன்னு நெனைக்கிய? உனக்க கையிலயாக்கும் போச்சு."

என் கணவர் வாசலிலிருந்து கண்ணை எடுத்தார். "நீ பாறையில விழுந்தேன்னுதான சொன்ன?"

"டாக்டருட்டயும் அதத்தான் சொன்னேன். உள்ளதச் சொன்னா உன்ன கேட்டகரி ஆக்கிருவானுவ. வீட்டுக்கு அனுப்பிருவானுவ. பெறவு உனக்க தங்கச்சிக்கு யாருலே கல்யாணம் வைப்பா?"

கேட்டகரி என்பது உடல்தகுதிப் படியைக் குறைப்பது. படைப்பிரிவில் அது நோயைவிடப் பயப்படவேண்டிய சொல். ஒருவன் நோயை இன்னொருவன் மறைப்பது அங்கே விசுவாசம். அந்த விசுவாசத்தால்தான் இவருடைய நோய்க்கு எந்த ஆதாரமும் இல்லாமல் போயிருந்தது. தங்கசாமி அன்றே வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிட்டார். படியிறங்கும்போது என் கணவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் கோரிக்கைக்காக இராணுவ மருத்துவமனையில் மருத்துவக் குழு கூடிய நாளில் என் கணவர் காவல் பணி முடிந்து வந்ததும் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தார். காலணியில் முகம் தெரியும்வரை துணியால் தேய்த்தார். பழவங்காடிக் கோயில் வாசலில் நாயர் எங்களுக்காக ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, "சுகமில்லாத்தவன் மாதிரி போடோ, பரேடுக்குப் போற மாதிரி போகாத" என்றார். அது இவரால் முடியாது.

மனைவிக்கு உள்ளே அனுமதி இல்லை. கதவுக்குத் திரைச்சீலைதான். தலைமை வகித்த கர்னல் இந்தியில் எப்படி இருக்கிறாய் ஹவில்தார் என்று கேட்டது எனக்குக் கேட்டது. குதிகால்கள் சேரும் சத்தமும் கேட்டது.

"ஃபிட், சாப். கோயி தக்லீஃப் நஹீ."

ஒரு தொல்லையும் இல்லை என்று பொருள். தூக்கம் எப்படி என்றார்கள். டீக் ஹை, சாப், நன்றாக இருக்கிறது என்றார். மனைவியை அடித்தாயா என்று கேட்டார்கள். ஆமாம் சாப், என் தப்பு சாப். தாள்கள் மடங்கும் சத்தம் கேட்டது. வெளியே காத்திரு என்றார்கள்.

வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லாம் நன்றாக நடந்தது என்றார். அவருக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. மேலதிகாரி நலம் கேட்டால் சொல்லவேண்டிய பதில் ஒன்றுதான். அது அவர் வாயில் இல்லை, முதுகெலும்பில் இருந்தது.

முந்தைய இரவு முழுதும் காவல் பணியில் இருந்தவர். உட்கார்ந்த சற்று நேரத்தில் தலை பின்னால் சாய்ந்தது. குறட்டை தாழ்வாரத்தில் எழுந்தது. ஒரு செவிலியர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சத்தம் நின்றது. மார்பு மட்டும் எம்பியது. பாதங்கள் பளபளப்பான காலணிகளுக்குள் மிதிக்கத் தொடங்கின.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு கர்னல் வெளியே வந்தார். உணவுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

"சார், ஒரு நிமிடம் இங்கே பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நின்றார். நான் குனிந்து என் கணவரின் தோளில் கையை வைத்தேன்.

இதை யாரும் செய்யாதீர்கள்.

அவர் எழுந்தது எனக்குத் தெரியவில்லை. என் தலை சுவரில் மோதியது. இரண்டாவது முறை மோதியபோது வாயில் இரத்தம் வந்தது. கழுத்தில் கட்டைவிரல்கள் இருந்தன. கூடி வந்திருந்த எலும்பு மறுபடி அதே இடத்தில் விட்டது. இரண்டு சிப்பாய்கள் அவருடைய கைகளைப் பிரிக்கப் பார்த்தார்கள். ஒருவர் பெஞ்சோடு சாய்ந்தார். மூன்றாவது ஆள் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். என் கணவர் உறுமி மூச்செடுத்தார். கண்கள் திரும்பி வந்தன. எதிரில் கர்னலைக் கண்டார். உடனே விறைப்பாக நின்றார். அதன் பிறகுதான் தரையில் இருந்த என்னைப் பார்த்தார்.

கர்னலின் முகம் வெளிறியிருந்தது. இதை ஏன் உள்ளே சொல்லவில்லை என்று அவரிடம் கத்தினார்.

என் கணவர் அதே விறைப்பில், "நீங்கள் நலம் விசாரித்தீர்கள், சாப்" என்றார்.

அன்று பிற்பகல் குழு மறுபடி கூடியது. அதன் மருத்துவர் என் கழுத்தில் பதிந்த விரல் தடங்களை அளந்து எழுதிக்கொண்டார். தங்கசாமியின் வாக்குமூலத்தை இப்போது படித்தார்கள். மூக்கைப் படமெடுக்கச் சொன்னார்கள். பழைய முறிவு அதில் தெளிவாக இருந்தது.

வீடு திரும்பும் ஆட்டோவில் அவர் எனக்கு எட்டாதபடி ஓரத்தில் உட்கார்ந்துவந்தார். அட்டக்குளங்கரை தாண்டியதும் கேட்டார்.

"நீ அறிஞ்சுகொண்டுதான் தொட்டியா?"

"ஆமா."

"எனக்க கையைச் சாட்சிக்கு விளிச்சிட்ட, இல்லியா?"

"நீங்க வாயத் தொறந்து சொல்லியிருந்தா விளிச்சிருக்க வேண்டாம்."

"ஒரு ஆபீசருக்க முன்ன" என்றார். வெகுநாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார். எனக்குக் கை வராததால் மாமியிடம் போய், அவளுக்குத் தலைபின்னிவிட ஆள் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார். மாமி வருவாள். "ஒம் புருஷன் ஊமையாயிட்டானாடி?" என்று பின்னிக்கொண்டே கேட்பாள்.

குழுவின் கருத்து வடக்கே ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய், ஒரு முறை திரும்பி வந்து, மறுபடி போனது. படைப்பணியால் மோசமடைந்த நோய் என்று கடைசியில் ஏற்றார்கள். பணியால் உண்டானது என்று ஏற்கவில்லை. கருவி கிடைத்தது.

முதல் வாரங்களில் அவர் கவசத்தைப் பிய்த்து எறிந்தார். முகத்தில் எதையோ அமுக்குகிறார்கள் என்று உடம்பு நினைத்தது. ஒருமுறை குழாயைக் கடித்துத் துண்டாக்கினார். அந்த மருத்துவ அம்மையார் சொன்னபடி, விழித்திருக்கும்போதே கவசத்தை மாட்டிக்கொண்டு வானொலி கேட்டார், செய்தித்தாள் படித்தார். மெல்லப் பழகியது. மண் கனவு இடைவெளி விட்டு வந்தது. பிறகு வரவில்லை. ஒருநாள் எழுந்து, தங்கையின் கல்யாணத்தைக் கனவில் பார்த்தேன், பந்தியில் சோறு குறைந்துவிட்டது என்றார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் கனவு.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. தோள்மாட்டில் நின்று எழுப்பாதீர்கள். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று பெயரைச் சொல்லுங்கள். குறட்டையைவிட அது நிற்கும் இடத்தைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கோரிக்கை வைப்பவர் படைவீரர் என்றால், அவர் பதில் சொல்லும் முன் உங்கள் பதிலை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவருடைய நண்பர்களைத் தேடிப் போங்கள். அவர்கள் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்திருப்பார்கள்.

என் இடது கை இப்போது காதுவரைதான் உயரும். அலுவலகத்தில் நாளிதழ்ப் பிரதிகளை மேல் தட்டில் வைப்பது இன்னொருவர் வேலை. முன்பு ஒரு பிற்பகலின் நீளத்தை அவருடைய மூச்சு நிற்கும் இடைவெளிகளால் அறிந்திருந்தேன். இப்போது இயந்திரத்தின் ரீங்காரம் இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. எவ்வளவு நேரம் போயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரிகிறது. ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம். அவர் உடம்பு திரும்பினால் என் உடம்பு எனக்கு முன்பே விழித்துக்கொள்கிறது.

மின்சாரம் நின்றால் கருவியும் நிற்கும். இங்கே அது அடிக்கடி நிற்கிறது. அப்போது நான் எழுந்து வெளியே வந்து அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். கதவின் வெளிப்பக்கம் அந்தத் தாழ்ப்பாளை அடித்துப் பொருத்தியவர் அவர்தான்.